காரைக்கால் போகாத குடிகாரன்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடிய கரி பஸ்ஸின் டிரைவர் பிச்சைமுத்து குடிக்காதவன். இதில் என்ன பெருமை என்று கேட்கக்கூடாது. அந்தக் காலத்தில் பஸ் முதலாளிகள் டிரைவர் தேடும்போது குடிப்பானா என்று முதலில் விசாரிப்பார்கள். வண்டி ஓட்டத் தெரியுமா என்பதைப் பிறகுதான் கேட்பார்கள். பிச்சைமுத்துவின் மாமனார் பிறகுகூட எதுவும் கேட்கவில்லை. செட்டிகுளம் மலைக்கு அழைத்துப்போய், முருகன் சன்னிதியில் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பெண் பொன்னுத்தாயைக் கொடுத்தார். அன்று முதல் பிச்சைமுத்து கள்ளுக்கடைத் தெருவில் காலடி வைத்ததில்லை. பிறகு சர்க்காரே மதுவிலக்குக் கொண்டுவந்து கள்ளுக்கடையை மூடியது. அதற்கப்புறம்தான் அந்தத் தெருவில் அழகான ஒரு பிள்ளையார் கோயில் இருப்பதே அவனுக்குத் தெரிந்தது.

கரி பஸ் என்றால் இப்போது சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, பஸ்ஸின் முதுகில் பெரிய இரும்பு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரனும் போனான். அடுப்பு மட்டும் போகவில்லை. அதில் எங்கேயாவது ஓட்டை விழுந்துவிட்டால் புகை வண்டிக்குள் வரும். அதைக் குடித்துக்கொண்டே ஓட்டினால் தலை சுற்றும், கண் சிவக்கும், நாக்கு குழறும், இறங்கினால் கால் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போகும்.

நாற்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் அப்படித்தான் ஆயிற்று. ஆடிக் காற்றுக்குப் பயந்து பிரயாணிகள் பக்கத்துப் படுதாவையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். பேரளி தாண்டி ஒரு மதகில் பஸ் போய் உரசி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை, மதகுச் சுவரில் சில கற்கள் மட்டும் சரிந்தன. அந்த நேரம் பார்த்துத்தானா ஒரு சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வர வேண்டும்?

"என்னடா, குடிச்சிருக்கியா?"

"இல்லீங்க எஜமான். பொகைங்க."

"நாக்கு கொழறுது?"

"அதுவும் பொகைதாங்க."

"நடந்து காட்டு."

பிச்சைமுத்து நடந்து காட்டினான். மாமனார் அதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பெண்ணைத் திருப்பி அழைத்துப் போயிருப்பார். சப்-இன்ஸ்பெக்டர் பெண் கொடுத்தவர் இல்லையாதலால் லைசென்ஸை மட்டும் பிடுங்கிக்கொண்டார். குடிபோதையில் வண்டி ஓட்டியதாக ரிப்போர்ட் போயிற்று.

லைசென்ஸ் இல்லாத டிரைவருக்கு முதலாளி சம்பளம் தரமாட்டார் அல்லவா? பொன்னுத்தாய் மறுநாளே கடலைக்காட்டுக்குக் களை வெட்டக் கிளம்பினாள். வெயிலில் நின்று பழக்கமில்லாதவள். சாயங்காலம் கை கொப்பளித்து வந்து அடுப்பு மூட்டினாள். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் பிச்சைமுத்து விளக்கெண்ணெய் எடுத்துவந்து தடவிவிடுவான். எப்படியாவது லைசென்ஸை வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

விஷயம் அதோடு முடிந்திருந்தால், அபராதம் கட்டிவிட்டு அவன் பஸ்ஸில் ஏறியிருப்பான். ஆனால் மதுவிலக்கு ஆபீசருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் சரகத்துல ஒரு சொட்டு கள்ளு கிடையாதுன்னு நான் போன மாசம்தான் மேலே எழுதியிருக்கேன். நீங்க பாட்டுக்கு ஒருத்தன் குடிச்சிருந்தான்னு எழுதினா என்ன அர்த்தம்?" என்று அவர் ஸ்டேஷனுக்கே வந்து கேட்டார்.

"அப்ப நான் பார்த்தது பொய்யா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நீங்க பார்த்தது நிஜம். அவன் குடிக்கலைங்கிறதும் நிஜம்."

"அப்படின்னா ரோடு சரியில்லாம பஸ் மோதியிருக்கணும்."

இதைக் கேட்டதும் ஜில்லா போர்டு ஓவர்சியருக்கு ரோஷம் வந்தது. தம்முடைய ரோட்டில் எந்தக் குறையும் இல்லை என்றும், சரிந்த கற்கள்கூட முறைப்படிதான் சரிந்திருக்கின்றன என்றும் அவர் எழுதிக் கொடுத்தார். அப்படியானால் பஸ்ஸில் கோளாறா? பஸ்ஸை அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பெரிய அதிகாரி சோதித்து, தரமான வண்டி என்று கையெழுத்துப் போட்டிருந்தார். ஆக, டிரைவர் குடிக்கவில்லை, ரோட்டில் குறையில்லை, பஸ்ஸில் கோளாறில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தும் பஸ் மதகில் மோதியிருக்கிறது. இப்படி ஒரு நிலைமைக்கு இருக்கிற சட்டம் எதிலும் இடமில்லை என்று கண்டு, புதுச் சட்டம் தேவை என்று பட்டணத்துக்கு எழுதினார்கள். சட்டம் வரும்வரை லைசென்ஸ் அரக்கு முத்திரைக்குள் இருக்கும் என்று பிச்சைமுத்துவுக்குச் சொல்லப்பட்டது.

அந்தப் பகுதியின் சட்டசபை அங்கத்தினர் நல்லுசாமி, விஷயம் கேள்விப்பட்டுத் தாமே பிச்சைமுத்துவின் வீட்டுக்கு வந்தார். வந்தவர் அவனைக் கட்டிக்கொள்ளாத குறைதான்.

"பிச்சைமுத்து, நான் சபைக்குப் போயி இத்தனை காலமாச்சு. நம்ம தாலுகா பேரு அங்க ஒரு தடவைகூட அடிபடலை. நீதான்யா வழி காட்டியிருக்கே. கெளம்பு, பட்டணம் போலாம். மசோதா வருது. நீ மேல கேலரியில உக்காந்திரு, போதும்."

"லைசென்சு கெடைச்சிருங்களா?"

"லைசென்சு என்னய்யா லைசென்சு. சட்டமே கெடைக்கப் போவுது."

அரியலூரில் ரயிலேறி எழும்பூரில் இறங்கினார்கள். சபையில் பிச்சைமுத்துவைப் பார்வையாளர் கேலரியில் உட்காரவைத்து, இருமக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, கை தட்டக்கூடாது என்று தலைப்பாகை கட்டிய சேவகன் ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். கரிப்புகை குடித்த நெஞ்சு இருமாமல் இருக்குமா? பிச்சைமுத்து துண்டை வாயில் திணித்துக்கொண்டு சட்டம் பிறப்பதைப் பார்த்தான்.

மோட்டார் ஓட்டிகள் மதுபோதைத் தடுப்பு மசோதாவை மந்திரி பிரேரித்தார். "இந்த மாகாணத்தில் மது இல்லை. இல்லாத மதுவைக் குடித்துவிட்டு ஒருவன் வண்டி ஓட்டுவானானால் அவன் எவ்வளவு பெரிய குற்றவாளி என்பதைச் சபை யோசிக்க வேண்டும்" என்றார்.

எதிர்க்கட்சி அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "இல்லாததைத் தடுப்பதற்குச் சட்டம் எதற்கு?" என்று கேட்டார்.

"இருப்பதைத் தடுப்பதற்குத்தான் ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே. இல்லாததற்குத்தான் இதுவரை ஒன்றும் இல்லை" என்றார் மந்திரி. ஆளுங்கட்சி மேஜைகளைத் தட்டியது.

நல்லுசாமி தம் கன்னிப்பேச்சைத் தொடங்கினார். தம்மைத் தேர்ந்தெடுத்த மகாஜனங்களுக்கும், விபத்து தம் தொகுதியிலேயே நிகழ அருள் புரிந்த கடவுளுக்கும் நன்றி சொன்னார். பக்கத்துத் தொகுதிக்காரர்கள் அந்த மதகு தங்கள் எல்லையில் இருப்பதாகப் பேசுவது விஷமப் பிரசாரம் என்று கண்டித்தார். பிறகு கையைத் தூக்கி, "அந்த டிரைவரே இதோ கேலரியில் இருக்கிறார்" என்று காட்டினார்.

சபாநாயகர் மணியை அடித்தார். "கேலரியில் இருப்பவர்கள் சபையின் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள் என்பது மரபு. கனம் அங்கத்தினர் காணாததைக் காட்டக்கூடாது." அண்ணாந்து பார்த்திருந்த தலைகளெல்லாம் சட்டென்று குனிந்துகொண்டன. தன்னைப் பற்றி அத்தனை பேர் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கையில் தான் அங்கே இல்லை என்று தெரிந்து பிச்சைமுத்து இன்னும் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தான்.

போதை என்றால் என்ன என்ற இடத்தில்தான் மசோதா நின்றது. குடித்த அனுபவம் உள்ளவர் சபையில் யாரும் இல்லை என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். கடைசியில் வெள்ளைத் தாடி வைத்த ஓர் அங்கத்தினர் எழுந்தார்.

"எனக்கு அந்தப் பழக்கம் அறவே கிடையாது. கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். முதல் மொந்தையில் ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் காது மடல் லேசாகச் சூடேறும். பகைவர்கள் நல்லவர்களாகத் தெரிவார்கள். மூன்றாவதில் சுட்ட கருவாடு வேண்டியிருக்கும். கொள்ளிடக் கரைக் கள்ளானால் பங்குனி மாதத்துக் கள்ளுக்கு ஈடில்லை" என்றார்.

"சித்திரை" என்றது எதிர்வரிசையில் ஒரு குரல்.

"பங்குனிதான்."

"ஒழுங்குப் பிரச்சினை" என்று இன்னொருவர் எழுந்து, தென்னங்கள்ளைப் பற்றியா பனங்கள்ளைப் பற்றியா பேச்சு என்று விளக்கம் கேட்டார். இதுவரை தூங்கிக்கொண்டிருந்த அங்கத்தினர்களும் விழித்துக்கொண்டு வாதத்தில் கலந்துகொண்டார்கள். அன்றைக்குச் சபையில் கட்சி வேற்றுமையே இல்லாமல் போயிற்று. முடிவு காண முடியாமல், மாத விஷயத்தையும் மர விஷயத்தையும் சேர்த்து ஒரு கமிட்டிக்கு விட்டார்கள். விபத்து நடந்த இடத்தைக் கமிட்டி நேரில் போய்ப் பார்க்கும் என்று தீர்மானமாயிற்று.

நல்லுசாமியையும் சேர்த்துக்கொண்டு கமிட்டி பெரம்பலூர் டிராவலர்ஸ் பங்களாவில் வந்து தங்கியது. கோழியும் இளநீரும் போயின. பிச்சைமுத்து கைகட்டி நின்று, புகையைப் பற்றி எடுத்துச் சொன்னான்.

"ஓட்டை அடுப்புங்க எஜமான். அதை அடைச்சாப் போதுங்க. எந்த டிரைவருக்கும் தல சுத்தாதுங்க."

வெள்ளைத் தாடிக்காரர்தான் கமிட்டித் தலைவர். அவர் தம் காகிதக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "எங்களை மதுவைப் பற்றி விசாரிக்கத்தான் நியமித்திருக்கிறார்கள். புகையைப் பற்றி விசாரித்தால் வரம்பு மீறியதாகிவிடும். உனக்குப் புகையைப் பற்றிக் குறை இருந்தால் அதற்குத் தனியாக ஒரு விபத்து நடக்கட்டும்" என்று அன்பாகச் சொன்னார்.

கமிட்டி ஊர் திரும்ப அரியலூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும். அதே பஸ்ஸில் போனால் விசாரணையும் முடிந்த மாதிரி இருக்கும் என்று கிளம்பினார்கள். பஸ்ஸை யார் ஓட்டுவது? அந்த மொண்டி வண்டியை ஓட்டத் தெரிந்தவன் பிச்சைமுத்து ஒருவன்தான். அவனுக்கோ லைசென்ஸ் இல்லை. கமிட்டி கூடி யோசித்து, சட்டசபை அங்கத்தினர்களை ஏற்றிச் செல்லும் டிரைவரைச் சபை உரிமை காப்பாற்றும் என்றும், அவர்கள் இறங்கியவுடன் அந்த உரிமையும் இறங்கிவிடும் என்றும் முடிவு செய்தது.

ரோட்டுத் தூசி கதர்ச் சட்டையில் படியாதிருக்கப் படுதாவை இறக்கிக் கட்டினார்கள். பிச்சைமுத்து தன் பக்கத்துப் படுதாவை மட்டும் அவிழ்த்துவிட்டுக்கொண்டு, தலையை வெளியே நீட்டி ஓட்டினான். பாதி வழியில் பின்னாலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. அரியலூர் ஸ்டேஷனில் கமிட்டி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கியது. கண்கள் சிவந்திருந்தன. நல்லுசாமி ஸ்டேஷன் மாஸ்டரை வாக்காளர் என்று நினைத்துக் கும்பிட்டார். ஓர் அங்கத்தினர் தண்ணீர்க் குழாயைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சைமுத்துவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. இனி யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம், கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தான்.

"பார்த்தீங்களா எஜமான்" என்றான்.

"பார்த்தேன். பிரயாண அலுப்பு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

கமிட்டித் தலைவர் பெஞ்சில் சாய்ந்து, வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பேசினார். "இன்று... ஒரு பெரிய உண்மை... விளங்கியது. குடிக்காத எங்களுக்கே... இப்படி இருக்கிறதென்றால், குடித்த இவனுக்கு... எப்படி இருந்திருக்கும்!"

கமிட்டி அந்த நிலையிலும் அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

மசோதா தை மாதம் சட்டமாயிற்று. அதன்படி, லைசென்ஸைப் பறிகொடுத்தவன் திருந்திய குடிகாரனாக இருந்தால் அதைத் திரும்பப் பெறலாம். குடிக்காதவன் எப்படித் திரும்பப் பெறுவது என்பதற்கு ஷரத்து இல்லை. குடிக்காதவனின் லைசென்ஸ் பறிபோகவே போகாது என்று சபை நினைத்துவிட்டது. தவிர, திருந்தியதற்குச் சாட்சி வேண்டும். குடிகாரனால் மிகுதியும் துன்பப்படுபவள் மனைவியே என்று மந்திரி கண் கலங்கப் பேசியிருந்ததால், சாட்சி மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்று ரூல் போட்டிருந்தார்கள்.

பிச்சைமுத்துவும் பொன்னுத்தாயும் பெரம்பலூர் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். தாசில்தார் நல்ல மனிதர். ஒரு பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டரும் மறு பக்கத்தில் மதுவிலக்கு ஆபீசரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சத்தியமாச் சொல்லுப்பா. குடிச்சியா?"

"இல்லீங்க."

"அப்படின்னா ஒண்ணும் செய்ய முடியாதுப்பா. குடிக்காதவனுக்குச் சட்டத்துல எடமில்லை."

பிச்சைமுத்து திரும்பிப் பொன்னுத்தாயின் கையைப் பார்த்தான். கொப்பளமெல்லாம் காய்ந்து காய்ப்பாகிவிட்டிருந்தது.

"குடிச்சேங்க" என்றான்.

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதுவிலக்கு ஆபீசர் எழுந்தே விட்டார். "எங்க குடிச்சே?"

"உடையார்பாளையத்துப் பக்கமுங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அது என் சரகம். அங்க கெடையாது."

"லால்குடிப் பக்கம்..."

"அது என் மச்சான் சரகம்."

தாசில்தார்தான் வழி சொன்னார். "பிரெஞ்சுக்காரன் ஊர்ல சட்டம் வேற. காரைக்கால்ல குடிச்சிருக்கலாமேப்பா?"

அறையில் எல்லோர் முகமும் மலர்ந்தது. ஆள் குடித்திருக்கிறான், ஆனால் இங்கே குடிக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டரும் சரி, மதுவிலக்கு ஆபீசரும் சரி, ஓவர்சியரின் மதகும் சரி.

"காரைக்கால் எந்தப் பக்கம் இருக்குதுங்க?" என்று கேட்டான் பிச்சைமுத்து.

"கடற்கரையோரம்."

"அங்கதாங்க குடிச்சேன்."

செட்டிகுளத்து முருகன் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்து அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஆனால் அது பெரிதில்லை என்று அடுத்த நிமிஷமே தெரிந்தது.

"நீ வாம்மா. குடிச்சுட்டு வந்து உன்னை அடிச்சானா?"

பொன்னுத்தாய் புருஷனைப் பார்த்தாள். அவன் மேல் ஒரு வார்த்தை பட விடமாட்டாள். குழாயடியில் யாராவது தங்கள் புருஷன்மாரைப் பற்றி ஆரம்பித்தால், "எங்க வூட்டுக்காரரு அப்படியில்லை" என்று சொல்வதற்காகவே இன்னும் ஒரு குடம் பிடிப்பாள். அவன் அவளைத் தொட்டு அடித்ததில்லை. பிச்சைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் லைசென்ஸ், வா போகலாம் என்று சொல்லிவிட வாய் துடித்தது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அடிச்சாருங்க."

"அடிக்கடியா?"

"ரூல்ல எப்படி இருக்குதுங்க?"

தாசில்தார் பார்த்தார். "'வழக்கமாக'ன்னு இருக்கும்மா."

"அப்ப வழக்கமாத்தாங்க."

"இப்ப திருந்திட்டானா?"

"திருந்திட்டாருங்க."

அரக்கை உடைத்து லைசென்ஸைக் கொடுத்தார்கள். வெளியே வந்து நெடுந்தூரம் நடந்தும் பிச்சைமுத்துவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செய்யாத தப்புக்கு அவ்வளவு அவமானப்பட முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"பொன்னு" என்றான்.

"வெரசா நடங்க. நாளைக்கு மொத டிரிப்பு நீங்கதான்னு மொதலாளி சொல்லிவுட்டிருக்காரு" என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே சந்தைத் திடலில் நல்லுசாமி கூட்டம் போட்டார். புதுச் சட்டத்தால் மாகாணத்திலேயே முதலில் திருந்தியவர் நம் தாலுகாக்காரர் என்றும், பொன்னுத்தாயம்மாள் பட்ட அடி வீண் போகவில்லை என்றும் பேசினார். ஜனங்கள் நெடுநேரம் கை தட்டினார்கள்.

மறுநாள் முதல் டிரிப்பில் பொன்னுத்தாயும் ஏறினாள். அரியலூரில் ஒரு சின்ன வேலை இருந்தது. பஸ்ஸில் நல்ல கூட்டம். பெண்கள் அவளைப் பார்த்ததும் ஒடுங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். முறுக்குக் கூடையை மடியில் வைத்திருந்த பச்சையம்மாள்தான், முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அவள் தாழ்த்திய குரல் பஸ் முழுவதும் கேட்டது.

"எங்கேடி அடிப்பான்?"

பொன்னுத்தாய் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இடது தோளைத் தொட்டுக் காட்டினாள்.

பச்சையம்மாள் அந்தத் தோளை மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"ஆமாடி" என்றாள். "இன்னும் வீக்கம் வத்தலை."